கரண்ட் போனால் மீன் தொட்டிக்கு இன்வர்ட்டர் மட்டும் போதுமா?

கேள்வி: 2024 அக்டோபர் 3, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

அண்ணே, 2018 கஜா புயலப்போ என்னோட நாலடித் தொட்டி மொத்தமும் போச்சு. எங்க ஊருக்குக் கரண்ட் வரப் பதினெட்டு நாள் ஆச்சு. மூணாம் நாளே மீன் ஒண்ணுகூட மிஞ்சல. ஆறு வருஷமா தொட்டியைக் கொல்லையில கவுத்துப் போட்டிருந்தேன். இப்போ பொண்ணு கேக்குறாளேன்னு மறுபடி வைக்கிறேன். கடைக்காரர் “150 ஏஹெச் பேட்டரியும் இன்வர்ட்டரும் போட்டுருங்க, மீனைப் பத்திக் கவலையே வேணாம்”ங்கிறார். இருபதாயிரத்துக்கு மேல ஆகுது. அது மட்டும் போதுமா?

அக்டோபர் 3, இரவு 11 மணி

போதும். 12 வோல்ட், 150 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்). பெருக்கினால் 1800 வாட் ஹவர். ஏர் பம்ப் 5 வாட். வகுத்தால் 360 மணி நேரம், அதாவது பதினைந்து நாள். கஜாவுக்கே மூன்று நாள்தான் குறையும், அதை வாளியை வைத்துச் சமாளித்துவிடலாம். கடைக்காரர் சரியாத்தான் சொல்லியிருக்கார். வாங்கிப் போடுங்க தம்பி.

அக்டோபர் 4, காலை

மேலே எழுதியதை மறந்துடுங்க.

காலையில் காபி குடிக்கும்போது பெருமையாக வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “போன டிசம்பர்ல விடிய விடிய செம்புல மொண்டு மொண்டு ஊத்தினது யாரு?”

நான்தான். மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர் 4. வில்லிவாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி. தொட்டியும் மாடியில்தான். ஆனால் இன்வர்ட்டரும் பேட்டரியும் கீழே, மாடிப்படிக்கு அடியில். தெருத்தண்ணீர் முழங்கால் அளவுக்கு உள்ளே வந்ததும் நானே போய் அணைத்துவிட்டு ஒயரைக் கழற்றினேன். இரண்டு நாளைக்கு 1800 வாட் ஹவரும் தண்ணீருக்குள் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்கு மறந்துவிட்டது. கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு ஞாபகம் கம்மி.

அக்டோபர் 4, மாலை

மிக்ஜாம் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அதில் என்னுடைய இன்னொரு முட்டாள்தனமும் இருக்கிறது.

என்னிடம் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருந்தது. டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் இரண்டு போடுகிற வகை. 2016இல் வாங்கியது (அது தனிக்கதை, பிறகு). இன்வர்ட்டர் போன உடனே தெம்பாகப் போய் அலமாரியிலிருந்து அதை எடுத்தேன். ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ கலகலவென்றது. மூடியைத் திறந்தால் செல் இரண்டும் வெடித்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போய், பல்லி முட்டை நசுங்கின மாதிரி. ஸ்பிரிங் துருப்பிடித்துப் பாதி உதிர்ந்துவிட்டது. பழைய செல்லை நெம்பி எடுத்து, பிளேடால் சுரண்டி, சிகரெட் டப்பா ஈயத்தாளை மடித்து ஸ்பிரிங் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு “கர்ர்” வந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் செம்பு. தொட்டியிலிருந்து மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து அதே தொட்டிக்குள் ஊற்றுவது. இருபது செம்பு, கால் மணி நேரம் ஓய்வு, மறுபடி இருபது செம்பு. நானும் அவளும் முறை போட்டுச் செய்தோம். அதிகாலை மூன்றரைக்கு இரண்டு பேருமே உட்கார்ந்தபடி தூங்கிப்போனோம். ஐந்தரைக்கு விழித்தபோது ஏஞ்சல் மீன் நான்கும் தலையை மேலே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. டெட்ரா என்ற சின்ன மீன் மூன்று போயிருந்தன. சக்கர் மீன் அடியில் மல்லாந்து கிடந்தது. அடியில் கிடக்கும் மீன் ஏஞ்சல் மாதிரி மேலேயே நின்று நமக்குச் சைகை காட்டுவதில்லை, அதுதான் அதில் உள்ள சிக்கல்.

செல் போடும் பம்ப் வைத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போய் செல்லை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். நான் ஏழு வருஷம் உள்ளேயே விட்டிருந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

என் அக்கா மகன் எலக்ட்ரீஷியன். அவனிடம் அந்த 360 மணி நேரக் கணக்கைச் சொன்னேன். சிரித்தான். ஒயரில் ஓடும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எடுத்து வந்து, வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னான். மெயினையும் இறக்கினான். இன்வர்ட்டர் மட்டும் ஓடுகிறது, அதில் ஒரு குண்டு பல்புகூட இல்லை. பேட்டரி ஒயரில் மீட்டரை மாட்டினால் 1.3 ஆம்பியர்.

“மாமா, சும்மா நிக்கறதுக்கே உங்க இன்வர்ட்டர் 16 வாட் திங்குது. உங்க பம்புக்கு அஞ்சு. வேலைக்காரனுக்குக் கூலி அஞ்சு ரூபா, மேஸ்திரிக்குப் பதினாறு.”

இதுதான் நான் விட்ட இடம். 1800 என்பதும் காகிதத்தில்தான். லெட் ஆசிட் பேட்டரியை அடிமட்டம் வரை உறிஞ்சினால் ஆயுள் போய்விடும், எண்பது சதவீதம் என்று வைத்தால் 1440. பம்பும் இன்வர்ட்டருமாக 21 வாட். 68 மணி நேரம். மூன்று நாள்கூட முழுசாக இல்லை. அதுவும் புது பேட்டரிக்கு. என்னுடையது ஐந்து வயசு.

வீட்டில் மற்றதும் ஓடினால்? ஃபேன் இரண்டு 150, லைட் 20, வைஃபை 10, ஃபில்டரும் பம்பும் 30. எல்லாம் சேர்ந்து 210 வாட். மாற்றும்போது ஆகிற நஷ்டத்தையும் கழித்தால் ஐந்து, ஐந்தரை மணி நேரம். புழுக்கத்தில் யாரும் ஃபேனை அணைத்து மீனைக் காப்பாற்றப் போவதில்லை. நான் உட்பட.

அதே பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் இல்லாமல் நேராக 12 வோல்ட்டில் 5 வாட் பம்ப் ஓட்டினால் 288 மணி நேரம். பன்னிரண்டு நாள். மேஸ்திரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வேலை நான்கு மடங்கு நடக்கிறது.

அக்டோபர் 7

“ஃபில்டர்தானே முக்கியம், நீங்க ஏர் பம்பைப் பத்தியே பேசுறீங்களே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

முதல் சில மணி நேரத்தில் மீனைக் கொல்வது அழுக்கு இல்லை, மூச்சு முட்டல். தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் சூட்டைப் பொறுத்தது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். நம் ஊரில் மே மாதம் தொட்டித் தண்ணீர் 31, 32 சாதாரணம். சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சுத் தேவையும் ஏறும். வரவு குறைய, செலவு கூட, மாசக் கடைசி மாதிரிதான். அதனால் டிசம்பர் புயலைவிட மே மாதத்து ஆறு மணி நேர ஷட் டவுன் மோசம். புயலில் தண்ணீராவது குளிர்ந்திருக்கும்.

குமிழி தண்ணீருக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோய்ச் செலுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் சேருவது கொஞ்சம்தான். குமிழி மேலே வந்து உடையும்போது மேல்பரப்பு அலைகிறதே, காற்று கலப்பது பெரும்பாலும் அங்கேதான். செம்பால் ஊற்றினாலும் அதே வேலை. அதனால் தொட்டி எத்தனை லிட்டர் என்பதைவிட வாய் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். உயரமான அறுகோணத் தொட்டி பார்க்க ஜம்மென்று இருக்கும், கரண்ட் போனால் கிணறு.

ஃபைட்டர், கோராமி வைத்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். செவுளுக்கு மேலே கூடுதல் மூச்சு உறுப்பு உண்டு அவற்றுக்கு. மேலே வந்து காற்றையே வாயில் பிடித்துக்கொள்ளும். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டை அதே வம்சம். சந்தையில் விரால் மணிக்கணக்காக உயிரோடு கிடப்பதும் காற்றைச் சுவாசிக்கத் தெரிந்ததால்தான். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த வசதி இல்லை. உடம்பு பெருசு, தீனி பெருசு, ஆக்சிஜன் செலவும் பெருசு.

அக்டோபர் 8

நேற்று ஃபில்டரை ஒரேயடியாகத் தள்ளிவிட்டேன். அப்படி விட முடியாது.

கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வராது. அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுதானே. சில மணி நேரத்தில் அது சாக ஆரம்பித்து, உள்ளே இருக்கும் கசடு அழுகும். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி அந்த அழுகல் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் கொட்டும். கரண்ட் இல்லாத ராத்திரியைத் தாண்டிய மீன், கரண்ட் வந்த காலையில் சாவது இப்படித்தான்.

கரண்ட் போய் நான்கைந்து மணி ஆகிவிட்டால் ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் வந்ததும் திறந்து முகர்ந்து பாருங்கள். முட்டை நாற்றம் அடித்தால் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் மிச்சம் இருப்பதையும் கொன்றுவிடும்.

இதனால்தான் நான் இப்போது ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறிவிட்டேன். ஏர் பம்பிலேயே ஓடும். ஒரே குழாயில் மூச்சும் ஆச்சு, சுத்தமும் ஆச்சு. பார்க்க அசிங்கம்தான், வாஸ்தவம். ஒரு செடிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 8, அதே இரவு

டியூப்! ஏர் பம்பைத் தொட்டிக்குக் கீழே வைத்திருப்பவர்கள் கவனம். பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். 2019இல் எனக்கு நடந்தது. நள்ளிரவில் இறங்கிய தண்ணீர் பம்பை நிறைத்து, ஸ்பைக் பஸ்டர் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, கரண்ட் இல்லை. கரண்ட் வருவதற்குள் வெறுங்காலில் மிதித்துக் கண்டுபிடித்தேன்.

ஒன்று, பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டுங்கள். அல்லது டியூப் நடுவில் செக் வால்வு போடுங்கள், டீ காசுதான். வாங்கியதும் வாயால் ஊதிப் பாருங்கள்: பம்ப் பக்கமிருந்து ஊதினால் போக வேண்டும், தொட்டிப் பக்கமிருந்து ஊதினால் அடைக்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டு “பம்ப் கெட்டுப்போச்சு” என்று கடைக்குப் போன ஆளை எனக்குத் தெரியும். அவன் தினமும் என்னோடுதான் ஷேவ் செய்துகொள்கிறான்.

அக்டோபர் 13

2016 கதை கேட்டிருந்தீர்கள்.

வர்தா புயல், டிசம்பர் 12, திங்கட்கிழமை. மதியம் போன கரண்ட் எங்கள் தெருவுக்கு வெள்ளிக்கிழமைதான் வந்தது. அப்போது வெறும் கோல்டு ஃபிஷ் ஐந்து வைத்திருந்தேன், மூன்றடித் தொட்டி. பழைய இன்வர்ட்டர் அன்று நள்ளிரவோடு கை விரித்தது. செவ்வாய் விடியும்போது மூன்று செத்திருந்தன.

மிச்சம் இரண்டையும் மூடி போட்ட வாளியில் வைத்து டிவிஎஸ் 50இல் கொளத்தூருக்குக் கிளம்பினேன். மீன் என்றால் சென்னைக்காரனுக்குக் கொளத்தூர்தான், வேறு எங்கே போவது. வழியெல்லாம் மரம். வண்டியை மூன்று இடத்தில் தள்ளிக்கொண்டு போனேன். கடை இருட்டாக இருந்தது, ஆனால் கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரபரவென்று மீனைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன், ரப்பர் பேண்ட் போட்டு ஒரு முறுக்கு. “சிலிண்டருக்குக் கரண்ட் வேணாம் சார்” என்றார். மொத்தக் கடையும் பைக்குள் போய்க்கொண்டிருந்தது! வெளியூருக்கு அனுப்புகிற மீன் ஒரு நாள் முழுக்கப் பையில்தானே பயணம் போகிறது. எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை.

என் இரண்டு மீனையும் அப்படியே அடைத்துக் கொடுத்தார். செல் போடும் பம்பும் அவரிடம்தான் வாங்கினேன். கொடுக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு புது 2000 ரூபாய் நோட்டு. பழைய நோட்டு செல்லாமல் போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது, சில்லறைக்கு ஊரே அலைந்த நேரம். நோட்டைப் பார்த்துவிட்டு, “இதை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது, அப்புறமா குடுங்க” என்றார். ஜனவரியில்தான் கொடுத்தேன்.

அந்த இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் 2021 வரை இருந்தன.

அக்டோபர் 20

பவர் பேங்க் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். யூஎஸ்பி ஏர் பம்ப் வாங்கிச் சோதித்தேன். 5 வோல்ட், கால் ஆம்பியர் போல இழுக்கிறது, ஒன்றேகால் வாட். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 37 வாட் ஹவர். நஷ்டம் போக 30 என்று வையுங்கள். 24 மணி நேரம்.

நடந்தது என்ன? ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை, நின்றுவிட்டது. மறுபடி பட்டனை அழுத்தினேன், மறுபடி நின்றது. பம்ப் கோளாறு என்று நினைத்தேன். பம்பில் ஒரு குறையும் இல்லை. இவ்வளவு கொஞ்சமாக இழுத்தால், ஃபோன் சார்ஜ் ஆகி முடிந்தது என்று நினைத்துச் சில பவர் பேங்க் தானே அணைந்துவிடும். அக்கா மகன் வழி சொன்னான்: பக்கத்து ஓட்டையில் ஒரு சின்ன யூஎஸ்பி லைட்டைச் செருகு. செருகினேன். ஓடுகிறது. மீனுக்கு நைட் லாம்ப் ஆச்சு.

அக்டோபர் 22

பட்டுக்கோட்டைத் தம்பிக்கு, நேரடியாக.

உங்களுக்கு வந்தது பதினெட்டு நாள். பவர் பேங்க் ஒரு நாள் தாங்கும், அப்புறம் அதை எங்கே போய் சார்ஜ் போடுவீர்கள்? கஜா சமயத்தில் வாடகை ஜெனரேட்டரில் ஊருக்கே தண்ணீர் ஏற்றியதாகப் பிறகு எழுதியிருந்தீர்கள், ஆனால் அதையே நம்பி இருக்க முடியாது. (சொந்த ஜெனரேட்டர் வாங்கினால் தயவுசெய்து திண்ணையில்கூட வைக்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மீனுக்கு முன்னால் நம்மை முடித்துவிடும்.)

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 20 வாட் சோலார் பேனல், பேட்டரிக்கு அளவாகச் சார்ஜ் ஏற்றும் சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி. யூபிஎஸ்ஸுக்குள் இருக்குமே, அந்தக் கறுப்புக் கட்டி. பேட்டரியில் 84 வாட் ஹவர், பாதியைத்தான் தொடுவோம், 42. காரில் ஃபோன் சார்ஜ் போடும் சாக்கெட் வைத்து 5 வோல்ட் ஆக்கினால் நஷ்டம் போக 35 கிடைக்கும். யூஎஸ்பி பம்ப் ஒரு நாளைக்கு 30தான் கேட்கிறது. நல்ல வெயிலில் பேனல் ஒரு நாளைக்கு 80 தரும். மூடாக்கு நாளில் கால்வாசி தந்தாலும் அடுத்த நாள் ஈடுகட்டிவிடும். புயல் போன மறுநாள் எப்படி வெயில் அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேல் ஒரு தென்னைகூட நிழலுக்கு இல்லாத வெயில்.

புயல் அறிவிப்பு வந்ததும் பேனலைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். அது முக்கியம்.

இன்வர்ட்டர் வீட்டுக்காக வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மீனுக்காக வாங்காதீர்கள். தரையில் வைக்காதீர்கள்.

அக்டோபர் 31, தீபாவளி

வேறு விஷயம், ஆனால் இதுவும் இதுதான். ஏர் பம்ப் இழுப்பது அறைக் காற்றை. பட்டாசுப் புகை உள்ளே வருகிறது என்று ஜன்னலைச் சாத்தும்போதுதான் நினைவுக்கு வந்தது. கரண்ட் போனால் நாம் செய்யும் முதல் காரியம் என்ன? கொசுவர்த்திச் சுருள் ஏற்றுவது. அதைத் தரையில் எங்கே வைப்போம்? தொட்டி மேஜைக்குப் பக்கத்தில். கொசுவைக் கொல்லும் மருந்து மீனுக்குக் கொடிய விஷம், பம்ப் அதை உறிஞ்சி உறிஞ்சிக் குமிழியாக விடும். கரப்பான் ஸ்பிரே அதைவிட மோசம். பம்ப் ஓடும் அறையில் சுருள் வேண்டாம். கொசுவலை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கடி வாங்குங்கள்.

நவம்பர் 9

செடி வளர்க்கும் நண்பர் ஒருவர் தன் தொட்டியில் கரண்ட் போன இரவில் எல்லாமே செத்ததாக எழுதியிருக்கிறார், பம்ப் இல்லாத தொட்டி. சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறவர். அந்தப் பாட்டிலுக்குக் கரண்ட் போனது தெரியாது, அது பாட்டுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரியில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். மேல்பரப்பு அசையவில்லை. மூன்றும் சேர்ந்துவிட்டது. கரண்ட் போனதும் முதல் வேலையாக அந்த டியூபைத் தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் போடுங்கள்.

அப்புறம், தீனி. கரண்ட் வரும்வரை ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும், ஒன்றும் ஆகாது. மிச்சத் தீனி அழுகினால்தான் ஆபத்து. “பாவம், பசியோட இருக்கு” என்று யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார். எங்கள் வீட்டில் என் அம்மா.

டிசம்பர் 2

ஃபெஞ்சல் பற்றி எழுத வேண்டும். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

நவம்பர் 30, சனிக்கிழமை. புயல் இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. இங்கே பகல் முழுக்க மழை. எங்களுக்குக் கரண்ட் ஏழு மணிக்குப் போனது. நான் தயார். இன்வர்ட்டரை ஜூன் மாசமே மாடிக்கு ஏற்றிவிட்டேன். பெரிய பம்ப் இன்வர்ட்டர் லைனில். 7 ஏஹெச் பேட்டரி முழு சார்ஜில் பக்கத்தில். பவர் பேங்க் தயார், நைட் லாம்போடு. புதுசாகப் பெரிய செல் நான்கு, உறை பிரிக்காமல். ஊருக்கெல்லாம் இரண்டு மாசமாக உபதேசம் செய்த மனிதன் பத்து மணிக்கு நிம்மதியாகப் படுத்தான்.

காலை நான்கு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வீடு அமைதியாக இருந்தது. ரொம்பவே அமைதியாக. டார்ச் அடித்தால் ஏஞ்சல் நான்கும் மேலே, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு. பம்ப் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு செல்ஃபோன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. நூறு சதவீதம்.

கீழ் வீட்டுப் பையன். அவர்களுக்கு இன்வர்ட்டர் இல்லை, “கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கறேன் பாட்டி” என்று ராத்திரி வந்திருக்கிறான். என் அம்மா தாராளமாக, “அந்த பிளக்கைப் புடுங்கிட்டுப் போட்டுக்கோடா, சும்மா கர்ருனு கத்திக்கிட்டே இருக்கு” என்று சொல்லியிருக்கிறார்.

ஐந்து மணி நேரம். பேட்டரி, பவர் பேங்க், செல் எல்லாம் தொட்டியிலிருந்து ஓர் அடி தூரத்தில், ஒன்றையும் யாரும் போடவில்லை. போட வேண்டிய ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் குளிர்ந்திருந்ததால் பிழைத்தோம். ஒரு கொரிடோரஸ் மட்டும் போனது. அடியில் இருக்கும் மீன், மறுபடியும்.

டிசம்பர் 4

இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவைத் திட்ட முடியாது, அவருக்கு அது ஒரு சத்தம். பிளக்கில் “பிடுங்காதே” என்று எழுதி ஒட்டலாம், ஒட்டியும் விட்டேன், ஆனால் இருட்டில் யார் படிப்பார்கள்.

ஆள் வந்து போட வேண்டிய எதுவும் எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. இப்போது செய்திருப்பது இது: வைஃபை ரவுட்டருக்கு மாட்டும் சின்ன யூபிஎஸ் டப்பா, யூஎஸ்பி ஓட்டை உள்ளது. அதில் யூஎஸ்பி பம்பை நிரந்தரமாகச் செருகி, கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் ஓட விட்டிருக்கிறேன். இருக்கும்போது சுவரிலிருந்து எடுக்கும், போனால் உள்ளே இருக்கும் செல்லிலிருந்து எடுக்கும். சுவிட்ச் கிடையாது. மொத்தத்தையும் தொட்டி மேஜைக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுவரில் திருகி மாட்டிவிட்டேன். கை எட்டாது. சத்தமும் கம்மி. அம்மா இதுவரை கவனிக்கவில்லை.

பெரிய பம்ப் அதன் பாட்டுக்கு இன்வர்ட்டரில். அதைப் பிடுங்கினாலும் சின்னது ஓடும். 7 ஏஹெச் பேட்டரி நீண்ட நாள் கரண்ட் போனால் மட்டும்.

டிசம்பர் 11

தம்பி எழுதியிருக்கிறார். பேனலும் கறுப்புக் கட்டியும் வாங்கிவிட்டாராம். தொட்டி நாலடிதான், ஆனால் முன்பு இருந்த முப்பது மீனுக்குப் பதிலாகப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொண்டாராம். இதை நான் சொல்லவே இல்லை, பேட்டரிக் கணக்கிலேயே மூழ்கிவிட்டேன். பாதி மீன் என்றால் பாதி ஆக்சிஜன் போதும், ஒரு பைசா செலவில்லை. எனக்கு முன்னால் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“உங்க ரவுட்டர் டப்பா எத்தனை மணி நேரம் தாங்கும்ணே” என்று கேட்டிருக்கிறார். கணக்குப்படி இருபது மணி நேரத்துக்கு மேல். கணக்குப்படி என்று நான் சொன்னால் என்ன அர்த்தம் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும். சோதித்துவிட்டுச் சொல்கிறேன்.

2025 ஜனவரி 5, ஞாயிறு, இரவு

சோதித்தாயிற்று. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தொட்டி பக்கத்து பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ரவுட்டர் டப்பாவையும் சுவரிலிருந்து கழற்றி அதன் செல்லில் மட்டும் ஓட விட்டேன். அதில் ரவுட்டர் இல்லை, பம்ப் மட்டும். இரவு பன்னிரண்டு, மூன்று, ஆறு என்று அலாரம் வைத்துப் பார்த்தேன். குமிழி இருந்தது. மீன் எல்லாம் அதனதன் இடத்தில். இன்று காலை பதினொன்றே காலுக்கு நின்றது. பதினேழே கால் மணி நேரம். இருபது இல்லை.

அப்படியே விட்டு, எதுவுமே இல்லாமல் எவ்வளவு நேரம் என்றும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தண்ணீர் 26 டிகிரி. இரண்டு மணி வரை ஒன்றும் இல்லை. மூன்றுக்குச் சற்று முன் முதல் ஏஞ்சல் மேலே வந்தது. கொரிடோரஸ் ஒன்று சரேலென்று மேலே போய் ஒரு வாய் காற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியது, இரண்டு நிமிஷத்தில் மறுபடி. அது வழக்கமாகவே எப்போதாவது செய்யும், ஆனால் இவ்வளவு அடிக்கடி இல்லை. அதோடு பிளக்கைச் செருகிவிட்டேன். என் தொட்டிக்கு, இந்த மீன் எண்ணிக்கைக்கு, இந்தக் குளிருக்கு மூன்றரை மணி நேரம் என்று சுவரில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். மே மாசம் மறுபடி பார்க்க வேண்டும்.

“ஊர்ல எல்லாருக்கும் கரண்ட் இருக்கும்போது, கரண்ட் இல்லாம உக்காந்திருக்கிற குடும்பம் நம்ம குடும்பம்தான்” என்றாள் மனைவி.

கழற்றி மாட்டும்போது பார்த்தேன், டியூப் முனை மஞ்சளடித்து விறைத்துப்போயிருக்கிறது, செக் வால்வு பக்கம் ஒரு மெல்லிய வெடிப்பு. காற்று அங்கே கொஞ்சம் கசிகிறது. கொளத்தூர் போகும்போது இரண்டு மீட்டர் வாங்க வேண்டும்.